தேத்தண்ணி நிறத்தில் ஒரு மீன் தொட்டி: நம்ம மலைநாட்டு வீட்டில் அமைப்பது எப்படி

எங்கள் வீட்டு மீன் தொட்டியை முதன்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தண்ணி மாத்தவே இல்லையா?" தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் இருக்கும். அடியில் காய்ந்த இலைகள் கிடக்கும். ஆனால் ஒரு கோப்பை மொண்டு முகர்ந்து பாருங்கள், மழை விட்ட காட்டின் வாசம்தான் வரும். இதைத்தான் பிளாக்வாட்டர் தொட்டி என்கிறார்கள். இலையும் கட்டையும் ஊறி, அவற்றின் சாயம் தண்ணீரில் இறங்குகிறது. அமேசனின் ரியோ நெக்ரோ ஆறு முழுக்க இந்த நிறம்தான். நம் இலங்கையில் சிங்கராஜா மழைக்காட்டுப் பக்கத்து ஓடைகளிலும் இலைக் குப்பைக்கு நடுவேதான் பல சிறு மீன்கள் வாழ்கின்றன.

இந்த மீன்களுக்கு வேண்டியது உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்மையான தண்ணீர். மற்ற ஊர்களில் அதற்காக, தண்ணீரின் உப்பை வடிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறார்கள். நமக்கு அது மலை ஊற்றுப் பீலியில் சும்மா கொட்டுகிறது. மலைநாட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் எளிதில் கரையாத பழம் பாறை. யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம், அங்கே கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். நம் வீட்டுக் கேத்தலில் அப்படிக் கட்டுவதில்லை. சவுக்காரம் போட்டுக் குளித்தால் வழுவழுப்பு லேசில் போகாது. அதுதான் மென்மையான தண்ணீரின் அடையாளம். ஆகவே நாம் செய்ய வேண்டியது இரண்டுதான்: கிடைத்த தண்ணீரைக் கெடுக்காமல் இருப்பது, குளிரைப் பார்த்துக்கொள்வது.

தண்ணீர்

பீலித் தண்ணீர் என்றால் மேலே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை ஏறிப் பாருங்கள். காடு இருந்தால் நல்லது. தேயிலை மலை இருந்தால், உரம் போட்ட வாரத்திலும் மருந்து அடித்த வாரத்திலும், பெருமழை பெய்த மறுநாளும் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கவே கூடாது. தோட்டங்களில் டொலமைட் என்ற சுண்ணாம்புச் சத்துள்ள கல்தூளைத் தூவுவதும் வழக்கம். அது கரைந்து வந்தால் தண்ணீர் கடினமாகிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணந்தால் ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வையுங்கள், அல்லது மீன் கடையில் குளோரின் நீக்கும் மருந்து வாங்கி ஊற்றுங்கள். மாத்தளை, திகன பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அங்கே மண்ணுக்கடியில் பளிங்கும் டொலமைட்டும் உண்டு.

தொட்டியும் இடமும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஆரம்பிப்பவர்களுக்கு இந்த அளவு போதும். கண்ணாடித் தடிப்பையும் மண்ணையும் கழித்தால் 45 லீற்றர் அளவு தண்ணீர் பிடிக்கும். இதைவிடச் சிறியது வாங்கினால் வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. தண்ணீர் குறையக் குறைய, அது சூடாவதும் குளிர்வதும் கெடுவதும் வேகமாக நடக்கும்.

நிரம்பிய தொட்டி எழுபது கிலோவுக்கு மேல் போகும், ஆடாத மேசை வேண்டும். லயத்து அறையில் வைப்பதானால் அடுப்புப் புகை வராத சுவர் ஓரமாக, ஜன்னல் வெயில் நேரே விழாத இடமாகப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் ஒரு ரெஜிபோம் பலகை வையுங்கள். அதே பலகையைப் பின்பக்கத்திலும் இரண்டு பக்கத்திலும் ஒட்டிவிட்டால் இரவுக் குளிர் நிறையத் தடுபடும். இது கடையில் யாரும் சொல்லாத விஷயம். நம் குளிருக்கு இது பெரிய துணை.

மண், கட்டை, செடி

கீழே ஓர் அங்குலம் மண், அதன் மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய ஆற்று மணல். மண்ணைத் தேயிலை மலையில் அள்ளாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் உரம் படாத மூலையில் தோண்டி, வேரும் கல்லும் இல்லாமல் சலித்து, ஈரமாகப் பரப்புங்கள். மணலை, தண்ணீர் கலங்காமல் தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் பிறகு வாரக்கணக்கில் கலங்கல்தான். அழகுக்குக் கல் வைக்க ஆசைப்பட்டால் அதன் மேல் இரண்டு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தொட்டிக்குள் போடாதீர்கள்.

கட்டைக்கு நான் தேயிலை வேரையே சொல்வேன். பழைய செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்த இடங்களில், விறகுக்கு மிலாறு எடுப்பவர்களிடம் கேட்டால் வேர்க்கட்டை கிடைக்கும். பல கிளையாக முறுக்கிப் போன ஒரு கட்டையைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வேண்டாம், வெயிலிலும் மழையிலும் பல காலம் கிடந்து, நகத்தால் கீறினால் கல் போல இருப்பதுதான் வேண்டும். மருந்து பட்டிருக்கலாம், ஆகவே பட்டையைச் சுரண்டிவிட்டு, அண்டாவில் வைத்து மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்க வையுங்கள். பிறகு இரண்டு வாரம் வாளியில் ஊறட்டும். மிதந்தால் ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டிவிடலாம்.

செடிகளில் நிழலில் வளர்பவை மட்டும் போதும். சாயத் தண்ணீரில் வெளிச்சம் அடிவரை போகாது. அதனால் பாசியும் குறையும், வெளிச்சம் கேட்கும் செடியும் வாடும். முதல் இடம் கிரிப்டோகோரைன் வெண்டிக்குத்தான். உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளரும் இந்தச் செடிக்குச் சொந்த நாடு இலங்கை. அதன் வேரை மண்ணில் நடுங்கள், வேரும் தண்டும் சேரும் கழுத்து வெளியே தெரிய வேண்டும். ஜாவா பெர்னையும் அனுபியாஸையும் புதைக்கக் கூடாது, நூலால் கட்டையில் கட்ட வேண்டும். அப்புறம் வாசலில் படரும் மணி பிளான்டின் ஒரு கொடியை, வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும்படி தொட்டி விளிம்பில் மாட்டுங்கள். மீன் கழிவை அது உரமாக உறிஞ்சிக்கொள்ளும்.

மிதக்கும் செடி வேண்டும் என்று யாராவது சல்வீனியா கொடுத்தால் வாங்காதீர்கள். 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்குக் கொண்டுவந்த செடி அது, அங்கிருந்து பரவி நாட்டின் குளங்களையும் வயல்களையும் மூடியது. தொட்டியில் வெட்டும் எந்தச் செடியையும் ஓடையில் எறியாதீர்கள். வெயிலில் காய வைத்துக் குப்பையோடு சேருங்கள்.

நட்ட முதல் வாரத்தில் ஒன்று நடக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோகோரைனின் இலைகள் ஓரத்தில் கண்ணாடி போலாகி, தொட்டால் சோற்றுக் கஞ்சி மாதிரி கரையும். நான் முதல் தடவை செத்துவிட்டது என்று பாதிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். மீதியை எடுக்க நேரமில்லாமல் விட்டிருந்தேன். மூன்றாம் வாரம் ஒரு காலை பார்த்தால், மொட்டைக் கழுத்திலிருந்து ஈர்க்கு நுனி அளவில் சுருண்ட செம்பழுப்பு இலை ஒன்று எட்டிப் பார்த்தது. எறிந்தவற்றை நினைத்து அன்று மனசு நொந்து போனேன். கரைந்த இலையை மட்டும் எடுங்கள், வேரைத் தொடாதீர்கள்.

இலை

தொட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

எல்லோரும் தேடுவது கொட்டம்பா, அதாவது நாட்டு வாதுமை இலை. கண்டியிலும் அதற்குக் கீழேயும் தெருவோரம் மரம் நிற்கும், மேலே அபூர்வம். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கொய்யா இலையும் பலா இலையும் அதே வேலையைச் செய்யும். ஒரே நிபந்தனை, மரத்திலேயே பழுத்து, தானாக விழுந்து, பழுப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாகப் பறித்துக் காய வைத்தால் அதன் சாறு தண்ணீரைப் புளிக்க வைக்கும். யூக்கலிப்டஸ், அதாவது நம் ஆட்கள் டர்பன்டைன் என்று சொல்லும் மரத்தின் இலை, பைன் ஊசி இரண்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெயும் பிசினும் மீனுக்கு ஆகாது. தேயிலைத் தூளைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நிறம் வரும், கூடவே கஃபீனும் வரும், ஆகவே அது நமக்கு மட்டும் இருக்கட்டும்.

இலையைக் கழுவி, கொதித்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். 45 லீற்றருக்கு முதலில் இரண்டு கொட்டம்பா இலை, அல்லது ஏழெட்டு கொய்யா இலை. இரண்டு மூன்று நாள் மிதந்துவிட்டுத் தானாக அமிழும். நிறம் போதவில்லை என்று ஒரே நாளில் கைநிறையப் போட்டால் தண்ணீர் பால் போலாகி, மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள்.

அமிழ்ந்த இலையின் மேல் சில நாட்களில் மெல்லிய வழுவழுப்பு படியும். அழுக்கு என்று நினைத்துத் துடைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் வளரும், மீன்கள் நாள் முழுக்க அதைத்தான் கொத்தும். ஒரு மாதத்தில் சதை கரைந்து, நரம்பு மட்டும் சல்லடைத் துணி போல மிஞ்சும். அதையும் எடுக்க வேண்டாம், பக்கத்தில் புது இலை ஒன்று போட்டால் சரி.

காத்திருப்பு

செடி நட்டு, ஸ்பொன்ஞ் பில்டரை ஏர் பம்பில் மாட்டி, லைட்டை ஆறு மணி நேரத்துக்கு டைமர் வைத்துவிட்டு, மீன் இல்லாமல் ஐந்தாறு வாரம் விடுங்கள். புது மண்ணிலிருந்து மீனுக்கு விஷமான அமோனியா இறங்கும். அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பொன்ஞ்சில் குடியேற அவ்வளவு நாள் ஆகும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். கடையில் சோதனை மருந்து வாங்கி, அமோனியாவும், அது மாறி உண்டாகும் இன்னொரு விஷமான நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகுதான் மீன்.

குளிரும் மீனும்

கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், அங்கே ஹீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம். நுவரெலியா 1,870 மீட்டரை ஒட்டிய ஊர், ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். அட்டன், தலவாக்கலை இரண்டும் நடுவில். எங்கள் வீட்டில் மார்கழி விடியற்காலையில் ஹீட்டர் இல்லாத வாளித் தண்ணீர் 16 பாகை காட்டியது.

என் விருப்பம் செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கே உரிய மீன், 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதற்கு அறிவியல் பெயரிட்டார். 23 முதல் 26 பாகை அதற்குச் சுகம், ஆகவே மேலே உள்ளவர்கள் 50 வாட் ஹீட்டரை 24இல் வையுங்கள். மூன்று ஆண், ஐந்து பெண். சாயத் தண்ணீரில், பழுப்பு இலைக்கு மேலே ஆண் மீன் குங்குமச் சிவப்பாக மாறுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியில் அதே மீன் வெளிறிப் போய்த்தான் நிற்கும். இதன் உறவுக்கார மீனான பிளாக் ரூபி பார்பை சிங்களத்தில் 'புலத் ஹப்பயா' என்பார்கள், வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். ஆணின் தலை அப்படிச் சிவக்கும். அது கொஞ்சம் பெரிதாக வளரும், மூன்றடித் தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் பண்ணையில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஓடையில் பிடித்து வந்து விற்பதை வாங்காதீர்கள், அவற்றின் காடு ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

ஹீட்டர் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு வைட் கிளவுட் இருக்கிறது. தென் சீனாவின் மலை ஓடை மீன், 14 முதல் 22 பாகை வரை நிம்மதியாக இருக்கும். இலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

கரண்ட் போகும் இரவில் தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளியைப் போர்த்திவிடுங்கள். மேல்பக்கம் ஒரு கையகலம் திறந்திருக்கட்டும்.

இனி உள்ள வேலை

நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. வெள்ளிக்கிழமை விரதம், மீனுக்கும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து லீற்றர் எடுத்துவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பீலித் தண்ணீர் ஐந்து லீற்றர் ஊற்றுங்கள். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை ஸ்பொன்ஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் வேண்டாம்.

அழுக்காகத் தெரிகிறது என்று ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் மென்மையான தண்ணீர் இலைச் சாயத்தோடு சேர்ந்து அமிலப் பக்கம் சாயும். அமிலத் தண்ணீரில் அமோனியா, விஷம் குறைந்த அமோனியமாக இருக்கும். அதற்குள் திடீரென்று அமிலமற்ற தண்ணீரை நிறைய ஊற்றினால், அது மறுபடி விஷமாகத் திரும்பும். மாறாக, பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா சோர்ந்துவிடும். மாதம் ஒரு தடவை பிஎச் பாருங்கள். கீழே போனால் புது இலை போடுவதை நிறுத்தி, பில்டர் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி நொறுக்கிய சிப்பி ஓட்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

தீபாவளிக்கோ தோட்டத்துத் திருவிழாவுக்கோ ஒரு வாரம் வெளியூர் போவதானால், போகும் முன் தண்ணீர் மட்டத்தை நிரப்பி, டைமரைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு வாரம் தாங்கும், அடியில் இலை இருக்கும்போது இன்னும் நன்றாகவே தாங்கும். பழக்கமில்லாதவர்கள் பிரியத்தில் போடும் ஒரு பிடி தீனிதான் தண்ணீரைக் கெடுக்கும். திரும்பி வந்ததும் குனிந்து இலைகளுக்கு அடியில் பாருங்கள். மணி பிளான்ட் வேருக்கும் நரம்பிலைக்கும் நடுவில் கண்ணிமை முடி நீளத்தில் ஏதாவது துள்ளி ஒளிந்தால், அது குஞ்சு. இலையை அசைக்காமல், அவித்த முட்டை மஞ்சள் கருவில் ஊசிமுனை அளவு கரைத்து அந்த மூலையில் விடுங்கள்.