சின்னத் தொழிலைப் பொறுப்பான தொழிலாக மாற்ற உதவுவது எப்படி: முதல் வேலை, ராத்திரியில் மீட்டரைப் பாருங்கள்

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன அச்சகத்தை ஊருக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பான தொழிலாக மாற்ற உதவுகிறேன் என்று 40 பக்கக் கேள்வித்தாளோடு போய் இறங்கினேன். முதலாளி மரியாதையாக வாங்கி மேஜை மேல் வைத்து, "பாத்துட்டு சொல்றேன் சார்" என்றார். மூன்று மாதம் கழித்துப் போனால், அந்தக் காகிதங்களின் வெற்றுப் பின்பக்கத்தில் கூலிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபயன்பாடு என்ற வகையில் அதுதான் அந்த அச்சகத்தில் நான் சாதித்த முதல் காரியம்.

அவர் மேல் தப்பே இல்லை. சின்னத் தொழிலில் முதலாளி, கணக்கர், விற்பனையாளர், காலையில் பூட்டைத் திறப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவரிடம் இல்லாத ஒன்றே ஒன்று நேரம், நான் கேட்டதும் அதைத்தான். அதனால் நீங்கள் ஒரு தொழிலுக்கு உதவப் போகிறவரானாலும் சரி, உங்கள் தொழிலையே மாற்ற நினைப்பவரானாலும் சரி, அவருடைய நேரத்தை எடுக்காத, முதல் மாதமே கையில் காசு மிச்சமாகிற வேலையிலிருந்து தொடங்குங்கள். இது சின்ன விஷயமும் இல்லை. உலகத்தில் உள்ள தொழில் நிறுவனங்களில் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள்தான், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றிடம்தான் என்று உலக வங்கியே சொல்கிறது.

நீடித்த வளர்ச்சி, பொதுநலன் என்ற வார்த்தைகளைக் கேட்டாலே பலருக்குக் கொட்டாவி வரும். நான் இப்போதெல்லாம் அவற்றைச் சொல்வதே இல்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இந்தச் செலவை இப்போது யார் கட்டுகிறார்கள்? புகை வெளியே போனால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரல் கட்டுகிறது. பில்லை நான்கு மாதம் இழுத்தடித்தால் சரக்கு கொடுத்தவர் வட்டி கட்டுகிறார். ஆறு மாதத்தில் உடையும் பொருளை விற்றால் வாங்கியவர் கட்டுகிறார். சில செலவுகளை முதலாளியே கட்டுகிறார், அது அவருக்குத் தெரியாது. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் மற்றதற்கெல்லாம் பணம் அங்கிருந்துதான் வரும்.

ராத்திரி மீட்டர்

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலை முடிந்து பூட்டும்போது மின்சார மீட்டரை போனில் ஒரு போட்டோ எடுங்கள். காலையில் திறந்ததும், எந்த சுவிட்சையும் தொடாமல், இன்னொரு போட்டோ. ராத்திரி 9 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே 6 யூனிட் ஓடியிருந்தால், யாருமே இல்லாத இடத்தில் 600 வாட் பத்து மணி நேரமாக எரிந்திருக்கிறது என்று அர்த்தம். வருஷத்துக்கு 2,190 யூனிட். பில்லைப் பார்த்து உங்கள் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அச்சகத்தில் இதைச் செய்தபோது குற்றவாளி, காற்றை அழுத்திக் குழாய் வழியாக மெஷின்களுக்கு அனுப்பும் கம்ப்ரஸர். ஒருநாள் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு அமைதியாக நின்றோம். மூலையில் பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டுக் குழாய் இணைப்புகளில் தடவினால் ஒரு இடத்தில் நுரை பொங்கிப் பொங்கி வருகிறது, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும். பக்கத்தில் நின்ற மெஷின் ஆபரேட்டர் சர்வ சாதாரணமாக, "அது ரெண்டு வருஷமா அப்படித்தான் சார் சீறுது" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "யாரும் கேக்கலையே."

சரியாகப் பராமரிக்காத கம்ப்ரஸர் அமைப்புகளில் 20 முதல் 30 சதவீதம் காற்று கசிவிலேயே போய்விடும். அப்புறம், தேவைக்கு மேல் அழுத்தம் வைத்து ஓட்டுவது இன்னொரு வியாதி. அழுத்தத்தை ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தால் சுமார் 7 சதவீத மின்சாரம் மிச்சம். கசிவை அடைத்துவிட்டு, மெஷின் ஒழுங்காக ஓடுகிற அளவுக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள்.

பெரிய ஃபேன், தண்ணீர் பம்ப் இருக்கும் இடங்களில் இன்னொரு கணக்கு உண்டு. இவற்றுக்குத் தேவைப்படும் மின்சாரம், கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடிப்படி ஏறி இறங்கும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். புகைபோக்கி ஃபேன் முழு வேகத்தில் ஓடித்தான் ஆகவேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "வாங்கினதிலிருந்து அப்படித்தான்" என்று பதில் வரும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். குழாய் சொட்டுகிறதா? நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அது ஏறக்குறைய 20 லிட்டர்.

சோலார் பேனல் இதற்கெல்லாம் பிறகு. பேனல் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றப் பெரிய குழாய் போடுவதில் என்ன பிரயோஜனம்? முதலில் குறைத்துவிட்டு, குறைந்த அளவுக்குப் பேனல் போட்டால் முதலீடும் குறையும்.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தல்

ஒரு வாரக் குப்பையை எடுத்துத் தரையில் விரித்துப் பிரியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முதலாளியும் கூட நிற்க வேண்டும், இதை வேறு ஆளிடம் தள்ளிவிட்டால் பலன் இல்லை. எல்லோரும் பிளாஸ்டிக் தனி, காகிதம் தனி என்று பிரிப்பார்கள், அது அடுத்த கட்டம். முதல் தடவை, ஒவ்வொன்றும் எதனால் குப்பையானது என்று பார்த்துப் பிரியுங்கள். தவறாக அளந்து வெட்டியது, அதிகமாக ஆர்டர் செய்தது, சரக்கோடு கூடவே வந்த அட்டை, வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் மாற்றியது.

அச்சகத்தில் பெரிய குவியல் எது தெரியுமா? கலர் செட் ஆகும்வரை ஓடி வீணாகும் தாள்கள். ஒவ்வொரு சின்ன ஆர்டருக்கும் மெஷினைப் புதிதாக செட் செய்ததால் வந்தது. ஒரே தாள், ஒரே கலர் வேலைகளைச் சேர்த்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட்டுவது என்று மாற்றினார்கள், குவியல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. இரண்டாவது குவியல், அச்சடித்த பிறகு எழுத்துப்பிழை கண்டுபிடித்த வேலைகள். அதற்கு மருந்து, ப்ரூஃபில் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கக் காட்டும் மாதிரித் தாளில்) வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் மெஷினை ஓட்டக் கூடாது என்ற ஒரு வரி. இதில் எங்கேயும் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குப்பையின் விலை அதை அள்ளிப் போகிறவருக்குக் கொடுக்கும் காசு மட்டும் இல்லை, அந்தத் தாளின் விலை, மை, மின்சாரம், அதை ஓட்டியவரின் அரை மணி நேரம், எல்லாம் சேர்த்துத்தான்.

மிச்சமாகும் பணம் எங்கே போகும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இதைப் பேசாமல் விட்டால் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. பாதி அடுத்த ரிப்பேருக்கு, பாதி வேலை செய்பவர்களுக்கு என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. கசிவைக் காட்டிக்கொடுத்த ஆபரேட்டருக்கும் அதில் பங்கு போனால், மறுபடி அவர் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்.

கார்பன் கணக்கு, சுருக்கமாக

கேட்பவர்கள் இருந்தால் மட்டும் இதில் ஆழமாகப் போங்கள். பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுமைக்குடில் வாயுக்களுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு முறை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது: நீங்களே எரிப்பது, நீங்கள் வாங்கும் மின்சாரம், சரக்கு உங்களிடம் வருவதற்கு முன்பும் உங்களை விட்டுப் போன பின்பும் நடக்கும் மற்றது எல்லாம். முதல் இரண்டுக்கும் பில்களே போதும். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, மின்சாரத்துக்கு உங்கள் நாட்டு அரசு வெளியிடும் எண்ணால் யூனிட்டைப் பெருக்குங்கள், எந்த வருஷத்து எண் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். மூன்றாவது வட்டம்தான் பெரும்பாலும் ஆகப் பெரியது, அதை முழுதாகக் கணக்குப் போடப் போனால் தொழிலை மூடிவிட்டு அதையே செய்ய வேண்டியதுதான். நீங்கள் அதிகமாகப் பணம் கொடுத்து வாங்கும் மூன்று பொருட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

மற்றவர்கள் கட்டும் செலவு

இங்கேதான் நிறைய வழிகாட்டிகள் சறுக்குகின்றன. பல்பு மாற்றுவது, மரம் நடுவது வரை உற்சாகமாகப் போய்விட்டு, கூலி, பாக்கி என்று வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பாக்கியை எடுத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்துக்கு 90 நாள் கழித்துப் பணம் கொடுக்கும், அந்தச் சின்ன நிறுவனம் தனக்குக் கீழே இருக்கும் இன்னும் சின்னவரை இழுத்தடிக்கும். மேலே இருப்பவரை நீங்கள் திருத்த முடியாமல் போகலாம், கீழே போவதை நிறுத்தலாம். நீங்கள் பணம் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை எடுத்து, யார் ஆகச் சின்னவரோ அவரை மேலே வைத்து மறுபடி எழுதுங்கள். தனி ஆளாக வண்டி ஓட்டுபவர், வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர், மெஷின் ரிப்பேர் செய்பவர். இவர்களுக்கு ஏழு நாளில் பணம். தொகை சின்னது, உங்கள் ரொக்க நிலையை அது அசைக்காது, அவர்களுக்கோ அது அந்த மாத வாடகை. இதைத் தானம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது அவர்களுடைய காசு.

கூலியில், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் தரைதான். உங்களிடம் வேலை செய்பவரின் குடும்பம் அதே ஊரில் வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து என்று கௌரவமாக இருக்க எவ்வளவு வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டாலும் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும், எத்தனை வருஷத்தில் அதை மூடுவது என்று பேசலாம். காசே செலவாகாத ஒன்றும் உண்டு: ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டிவிடுவது. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் தூங்கப் போவதும் ஒரு செலவுதான், அதை அவர் குடும்பம்தான் கட்டுகிறது.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது கடினமான கேள்வி. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது, முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. அங்கே தைத்த துணி எங்கெங்கோ கடைகளில் தொங்கியது. சின்னத் தொழிலால் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிச் சோதனை போட முடியாது. ஆனால் சப்ளையரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: எங்கே செய்தது, யார் செய்தது, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள்? பதில் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள், கண்டுபிடித்துச் சொல்ல அவகாசம் கொடுங்கள். பொய் சொல்பவரை விட்டுவிடலாம். தயவுசெய்து 40 பக்கக் கேள்வித்தாள் அனுப்பாதீர்கள், அதன் கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.

சான்றிதழ் வேண்டுமா?

இது பொறுப்பான தொழில்தான் என்று வெளி அமைப்புகள் தணிக்கை செய்து கொடுக்கும் சான்றிதழைச் சொல்கிறேன். முதல் வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய வாடிக்கையாளரோ டெண்டரோ கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், தணிக்கைக்கும் ஆவணத்துக்கும் காசும் நேரமும் போகும். ஆனால் அந்த அமைப்புகளின் கேள்விகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது, ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபெல்பர் 2010 இல் தொடங்கிவைத்த பொதுநலப் பொருளாதார இயக்கத்தின் இருப்புநிலை அட்டவணை. சப்ளையர், பணம் போட்டவர், ஊழியர், வாடிக்கையாளர், சுற்றியுள்ள சமூகம் என்று ஐந்து வரிசை. மனித கண்ணியம், நியாயம், சுற்றுச்சூழல், வெளிப்படையும் கூட்டு முடிவும் என்று நான்கு நிரல். மொத்தம் 20 கட்டம். அதிகபட்சம் 1,000 புள்ளி, கெடுதல் செய்தால் கழித்துக்கொண்டே போய் மைனஸ் 3,600 வரை இறங்கலாம். இந்த மைனஸ்தான் அதன் அழகு, மரம் நட்டதைக் காட்டிச் சம்பளப் பாக்கியை மறைக்க முடியாது. மாதத்துக்கு இரண்டு கட்டம் என்று டீ குடிக்கும் நேரத்தில் பேசினால் பத்து மாதத்தில் முடிந்துவிடும்.

வெளியே சொல்லும்போது

பச்சை இலை படம், "இயற்கையோடு இணைந்து" என்ற வாசகம், இவை வேண்டாம். எண்ணைச் சொல்லுங்கள். போன வருஷம் ஆயிரம் தாளுக்கு இத்தனை யூனிட், இந்த வருஷம் இத்தனை, மொத்த மின்சாரம் கூடியிருந்தால் அதையும் சேர்த்து. ஆர்டர் அதிகமானால் மொத்தம் கூடத்தான் செய்யும், அதை மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

அச்சகத்தில் இப்போது ஒரே ஒரு தாளை கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று பத்தி: முடிந்தது, நடக்கிறது, இன்னும் தொடவில்லை. மூன்றாவது பத்தியில் "காலி மை டப்பா, எங்கே போகிறதென்று தெரியவில்லை" என்று எழுத முதலாளி ரொம்பத் தயங்கினார், ஆபரேட்டர்தான் பேனாவை வாங்கி எழுதினார். இரண்டு வாரம் கழித்து, பில் போடக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, காலி டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு மை வியாபாரியின் போன் நம்பரை அந்தத் தாளிலேயே ஓரமாகக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்.