பழைய பாஸ்புக்கோடு ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு

ஊட்டியின் பழைய கட்டிடங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு முற்பகல் போதும். வெளிநாட்டிலிருந்து வந்து, அங்கே தாத்தா வங்கியில் போட்டுவைத்த பணத்தைக் கேட்கப் போவதானால், பயணத்தின் முதல் வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள். கடைசி மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது. வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம்.

முதலில் பாஸ்புக்கின் அட்டையில் உள்ள வங்கிப் பெயரைப் பாருங்கள். 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1921-ல் இம்பீரியல் பேங்க்கில் கலந்தது. அது 1955 ஜூலை 1-ல் ஸ்டேட் பேங்க் ஆனது. பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐயிலும், சிண்டிகேட் 2020-ல் கனராவிலும், லட்சுமி விலாஸ் அதே ஆண்டு டிபிஎஸ்ஸிலும் சேர்ந்தன. கட்டிடம் அப்படியே நின்றாலும் கணக்கு வேறு கிளைக்குப் போயிருக்கலாம்.

அடுத்து முதல் பக்கம். மங்கிப்போன மையில் கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஃபோலியோ எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது லெட்ஜரின், அதாவது வங்கிப் பேரேட்டின், பக்க எண். பழைய லெட்ஜரில் தேட அதுதான் பிடிமானம். இருவர் பெயரில் உள்ள கணக்கில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாரேனும் அல்லது உயிரோடு இருப்பவர்) என்று எழுதியிருந்து, இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தால் அவரே பணம் எடுக்கலாம், வாரிசுச் சான்று தேவைப்படாது. அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் தாலுகா ஆபீசுக்கு அலைகிறவர்கள் உண்டு.

பத்து வருடம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் தொலைந்துவிடாது, கணக்கு இருந்த வங்கியிடமே கேட்டு வாங்கலாம். கேட்பாரற்ற பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் (UDGAM) இணையதளத்தில் புறப்படும் முன்பே பெயரைத் தேடுங்கள். ஓடிபி உறவினரின் கைப்பேசிக்கு வருவதானால் அவர் விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள்.

வேலை நின்றுபோவது பெரும்பாலும் பெயரில்தான். பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், இறப்புச் சான்றில் அப்பா பெயர் முழுசாக, பேரனின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரே குடும்பப் பெயராக வேறு எழுத்தில். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்காமல் கவுன்டருக்குப் போகாதீர்கள். இறப்பையே பதியாமல் விட்டிருந்தால், ஒரு வருடம் தாண்டியபின் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வேண்டும். அது ஒரே பயணத்தில் நடக்காது. ஊருக்கு வராத அண்ணன் தம்பிகளின் சம்மதக் கடிதங்களை அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிக் கையோடு கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு வங்கிக்குப் பதினைந்து நாள் அவகாசம். பணத்தை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்கில்தான் போடச் சொல்ல வேண்டும். இங்கே விட்டுப்போன பழைய சேமிப்புக் கணக்கு அதற்கு ஆகாது.

பாஸ்புக்கை வைத்திருக்கும் உறவினர் பங்கு கேட்பார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தொகை என்ன என்று தெரிவதற்குள் வாக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் பாட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவராகத்தான் இருப்பார். அந்த வருடங்களில் நாம் போன் மட்டும் செய்துகொண்டிருந்தோம். கேட்டதைக் கொடுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

காகிதத்துக்காகக் காத்திருக்கும் நாளில் சேரிங் கிராஸிலிருந்து நடக்கலாம். அங்கே இருப்பது 1886-ஆம் ஆண்டு ஆடம் நீரூற்று. செங்கல் நிறத்தில் நீலகிரி நூலகம், சிசோம் வடிவமைத்தது. புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள்: அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் சல்லிவன் 1822-ல் தொடங்கிய கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வாயிலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வங்கிக் கட்டிடத்தை ரோட்டில் நின்று படமெடுங்கள், உள்ளே கேமராவை எடுக்காதீர்கள்.