விழுந்து கிடக்கும் பெரிய காற்பந்து கிளப்புக்கு மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பிடிப்பது எப்படி?

பெயரில் தொடங்காதீர்கள். முதல் விதி இதுதான், அதிகம் மீறப்படுவதும் இதுதான். ஏதாவது பெரிய கிளப் மேனேஜரை நீக்கிவிட்டது என்று செய்தி வந்தால், பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் உட்காரும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் ஆறுவதற்குள் ஐந்தாறு பெயர்கள் மேசைக்கு வந்துவிடும். “அண்ணி, சிடானைக் கூப்பிட்டா எல்லாம் சரியாயிடும்” என்பான் என் கொழுந்தன். அவன் லிவர்பூல் ரசிகன். நான் மென்செஸ்டர் யுனைடெட். என் கிளப்புக்கு நல்ல மேனேஜர் வரவேண்டும் என்பதில் அவனுக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

எனக்குக் காற்பந்து பயிற்சிச் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் ஆள் எடுப்பதுதான் என் பிழைப்பு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மேனேஜர் வேலைக்கு விளம்பரம் போடும் முன் நாங்கள் ஒரு தாள் எழுதுவோம். போனவர் ஏன் போனார், அவர் விட்டுப்போன பிரச்சினை என்ன, அவர் வரும் முன்பே இருந்த பிரச்சினை என்ன, புதியவர் ஒரு வருடத்தில் எதைச் சரி செய்திருக்க வேண்டும். இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதாமல் ஒரு ரெசுமேயைக்கூடப் பிரிப்பதில்லை.

யுனைடெட்டில் அந்தத் தாளை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நீண்ட காலம் மேனேஜராக இருந்த அலெக்ஸ் பெர்குசன் 2013இல் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததைப் பாருங்கள். நிதானமான ஆள் என்று டேவிட் மோயஸுக்கு 6 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள்; 10 மாதம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். சின்ன பெயர் என்ற குறை வந்ததால் பெரிய பெயராக வான் கால். அவர் ஆட்டம் தூக்கம் வரவைத்ததால், கோப்பை வாங்கித் தரும் மொரின்யோ. அவர் எல்லோரையும் கடித்துக் குதறியதால், சிரித்த முகத்துடன் சோல்ஷாயர். அவர் ரொம்பச் செல்லம் கொடுத்ததால், கண்டிப்பான டென் ஹாக். ஒவ்வொருவரும் முந்தைய மருந்தின் பக்கவிளைவுக்குக் கொடுத்த மருந்து. நோய் என்னவென்று எவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வேறு வகை ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள் என்பதால் அணியில் ஐந்து பேருடைய மிச்சம் மீதிகள் சேர்ந்து கிடந்தன.

ஆகவே முதல் வேலை, அந்தத் தாள். அதில் ஆட்டக்காரர்களின் வயதும் சம்பளமும் ஒப்பந்தம் முடியும் தேதியும் இருக்க வேண்டும். இப்போது இருப்பவர்களை வைத்து எந்த மாதிரி ஆட்டம் ஆட முடியும், எதை ஆடவே முடியாது என்பதும் இருக்க வேண்டும். 2024 நவம்பரில், சீசன் பாதியில், ரூபன் அமோரிமைக் கொண்டுவந்தார்கள். திறமைசாலிதான், போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு 19 வருடம் கழித்து 2021இல் லீக் பட்டம் வாங்கித் தந்தவர். ஆனால் அவருடைய ஆட்டத்துக்குத் தற்காப்பில் மூன்று பேரும், இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும் இருவரும் வேண்டும். யுனைடெட்டில் அந்த ஓரத்து வேலைக்குப் பொருத்தமான ஆள் இல்லை என்பது கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் கச்சான் விற்பவருக்கும் தெரியும். அந்த சீசனில் 42 புள்ளிகள், 15ஆம் இடம். சீசன் முடிந்த கையோடு, 2025 மே 28 அன்று, அதே புக்கிட் ஜாலிலுக்கு வந்து தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களின் அணியான ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடம் 1-0 என்று தோற்றார்கள். கோல் அடித்தவர் மியன்மாரின் மாவுங் மாவுங் லுவின். அன்று அரங்கில் ஊளையிட்டவர்களில் பாதிப்பேர் யுனைடெட் ஜெர்சி போட்டிருந்தார்கள். நான் ஊளையிடவில்லை. டிக்கெட் விலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ரெசுமே. இதில் கோப்பைகளை எண்ணுவது சோம்பேறி வேலை. எதை வைத்து வாங்கினார் என்று பாருங்கள். சிடான் ரியால் மட்ரிட்டில் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வாங்கினார், மறுக்கவில்லை. ரொனால்டோவும் மோட்ரிச்சும் ராமோஸும் இருந்த அணியை வழிநடத்துவது ஒரு திறமை. சிதைந்த அணியைக் கட்டுவது வேறு திறமை. பெர்குசன் 1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது அபர்டீன் கிளப்பில் சேர்த்த கணக்கு. ஸ்காட்லாந்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டையும் தாண்டி 1980, 1984, 1985இல் லீக் பட்டம். 1983இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதியில் ரியால் மட்ரிட்டை 2-1 என்று வென்றது. பணம் குறைந்த ஊரில், பணக்காரர்களைத் திரும்பத் திரும்ப அடித்தவர். நான் தேடுவது அந்த வரியைத்தான்.

கடைசி வருடம் மோசமாகப் போயிருந்தால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். இந்த இடத்தில் கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்துவான், நிமிர்த்தட்டும். பின்னாளில் லிவர்பூல் மேனேஜரான குளோப், ஜெர்மன் கிளப்பான டோர்ட்முண்டில் இருந்த கடைசி சீசனில், 2015 பிப்ரவரியில் அணி பட்டியலின் கடைசியில் கிடந்தது. கடைசியில் ஏழாம் இடம். லிவர்பூலில் தரவுப் பிரிவில் இருந்த இயன் கிரஹாம் கோல்களை ஓரமாக வைத்துவிட்டு, உருவாக்கிய வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளையும் எண்ணிப் பார்த்தார். அணி நன்றாகத்தான் ஆடியிருக்கிறது, அதிர்ஷ்டம்தான் இல்லை என்று தெரிந்தது. 2015 அக்டோபரில் குளோப் வந்தார். முதல் சீசன் எட்டாம் இடம், இரண்டு இறுதி ஆட்டங்களில் தோல்வி. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் லீக்.

ரெசுமேயில் நான் இன்னொன்றும் தேடுவேன்: இவர் கைக்கு வந்த பழைய ஆட்கள் என்ன ஆனார்கள்? புதிதாக வாங்கியவர்கள் ஜொலிப்பது பெரிய விஷயமில்லை. நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் மலேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் கே. ராஜகோபால். 2007 ஆசியக் கிண்ணத்தை நடத்திய நாடுகளில் ஒன்றான மலேசியா, சீனாவிடம் 5-1, உஸ்பெகிஸ்தானிடம் 5-0, ஈரானிடம் 2-0 என்று உதை வாங்கியது. தேசிய அணிக்குப் பெட்டியைத் திறந்து ஆள் வாங்க முடியாது. இருப்பவர்களைத்தான் தேற்ற வேண்டும். பிறகு பொறுப்புக்கு வந்த ராஜகோபால், 2009இல் லாவோஸில் இளைஞர்களை வைத்து 20 வருடம் கழித்து சீ விளையாட்டுத் (தென்கிழக்காசிய விளையாட்டு) தங்கம் வாங்கினார். அவர்களில் பலரை மூத்த அணிக்கு ஏற்றி தென்கிழக்காசிய நாடுகள் மோதும் 2010 சுசுகி கிண்ணத்துக்குக் கூட்டிப்போனார். நம் குணாளனும் குருசாமியும் அந்த அணியில் இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1. அதே மாதம், அதே இந்தோனேசியாவை இறுதியின் முதல் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றார்கள். ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கோப்பை நமக்கு. 5-1க்குப் பிறகு ஓர் ஆள் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டிய ரெஃபரன்ஸ்.

இனி நேர்காணல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறோம். ஷிப்ட் மேனேஜர் வேலைக்கு ஒருமுறை இருவர் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். முதலாமவர் நன்றாக உடுத்தியிருந்தார், ஸ்லைடு கொண்டுவந்திருந்தார். நல்லது நடந்த இடத்தில் எல்லாம் “நான்”. கெட்டது நடந்த இடத்தில் “அவங்க”. இரண்டாமவரிடம், உற்பத்தி விழுந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். தன் ரெசுமேயைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, லைனை அப்படியே வரைந்தார். போர்டு எந்த ஸ்டேஷனில் தேங்கியது, யாரை எங்கே மாற்றினார், மாற்றிய முதல் வாரம் நிலைமை ஏன் இன்னும் மோசமானது, அதை மேலதிகாரியிடம் எப்படிச் சொன்னார் என்று வரிசையாகச் சொன்னார். அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அவரைத்தான் எடுத்தோம்.

கிளப் முதலாளியாக இருந்தால் நான் இதையே செய்வேன். அணி கேவலமாகத் தோற்ற மூன்று ஆட்டங்களின் வீடியோவை ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிடுவேன். வந்து உட்கார்ந்ததும் ஒரு பேனாவும் வெற்றுத் தாளும். எங்கே ஓட்டை, இருக்கிற ஆட்களில் யாரை வைத்து அடைப்பீர்கள், அடைக்கும்வரை எத்தனை ஆட்டம் தோற்போம்? “தத்துவம்” என்ற வார்த்தையை அவர் மூன்றாவது தடவை சொன்னால் தே ஓ கொடுத்து அனுப்பிவிடலாம். அவர் கொடுத்த ரெஃபரன்ஸ் எண்களுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள்; அவரிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஆட்டக்காரரையும், உடற்பயிற்சியாளரையும் தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

தற்காலிக மேனேஜர் நாலு ஆட்டம் வென்றதும் நிரந்தரமாக்கும் ஆசை வரும். சோல்ஷாயர் வந்ததும் முதல் 8 ஆட்டங்களையும் வென்றார், பாரிசில் பிஎஸ்ஜியை 3-1 என்று அடித்தார், 2019 மார்ச்சிலேயே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சீசன் முடியும் மே மாதம்வரை காத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சில சமயம் புதிய ஆளே வேண்டாம். இத்தாலியின் ஏசி மிலான் 2020இல் மேனேஜர் பியோலியை அனுப்பிவிட்டு ரங்னிக்கைக் கொண்டுவரத் தயாராக இருந்தது. அணி தேறியதைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டது. 2022இல் பியோலியுடன் லீக் பட்டம், 2011க்குப் பிறகு முதல் தடவை.

ஆனால் பியோலி தனியாக அதைச் செய்யவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்க மால்டினியும் மசாராவும் இருந்தார்கள். இதுதான் நான் ரொம்ப வலியுறுத்துவது. மேனேஜரைத் தேடும் முன் ஆட்டக்காரர்களை வாங்கும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்துவிடுங்கள். 2022இல் டென் ஹாக்கின் பழைய சீடர் அன்டொனியை அயாக்சிலிருந்து வாங்க யுனைடெட் 95 மில்லியன் யூரோ கொடுத்தது. வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல அங்கே ஆள் இல்லை. பிறகு அந்த வேலைக்கென்றே டான் ஆஷ்வொர்த்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்தே மாதத்தில் அவரும் வெளியே.

எடுத்த பிறகு, அவர் முதல் சண்டை போடும் நாளில் அவர் பக்கம் நில்லுங்கள். ஆர்டெட்டாவின் ஆர்சனல் இரண்டு சீசன் எட்டாம் இடத்தில் முடிந்தது. 2021-22இல் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, வாங்கியது 9. கடைசி இடம். அதே டிசம்பரில் கேப்டன் அவுபமெயாங்கின் பதவியைப் பறித்தார். நிர்வாகம் கேப்டனைத்தான் அனுப்பியது.

எவ்வளவு நாள் பொறுப்பது? “பெர்குசனுக்கே நாலு வருஷம் ஆச்சு” என்று எல்லா மேனேஜருக்கும் சொல்கிறார்கள். முதல் நாலு சீசனை 11, 2, 11, 13ஆம் இடங்களில் முடித்தவர்தான் அவர், 1990 எஃப்ஏ கோப்பைவரை கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருடங்களில் குடிப்பழக்கத்துக்குப் பேர்போன பெரிய நட்சத்திரங்களை விற்றார், ஊர் ஊராகப் பையன்களைத் தேட ஆட்களை வைத்தார். 1992இல் அந்தப் பையன்கள் இளையோர் எஃப்ஏ கோப்பையை வாங்கினார்கள். உங்கள் ஆளிடமும் அதைத் தேடுங்கள்: பட்டியலில் 13ஆம் இடம் என்றாலும் அடியில் ஏதாவது அசைகிறதா? மாதத்துக்கு ஒருமுறை அந்த முதல் தாளை எடுத்து டிக் போட்டுப் பாருங்கள். ஒரு டிக்கும் இல்லையென்றால் பெர்குசன் பெயரைச் சொல்லிக் காலம் தள்ள வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை மூன்று வருடம் போதும், எந்த நிலையில் எவ்வளவு இழப்பீடு என்பது முதல் நாளே தாளில் இருக்கட்டும். ஒரு கோப்பை வந்த மயக்கத்தில் நீட்டிக்காதீர்கள். டென் ஹாக் 2024 மே மாதம் எஃப்ஏ கோப்பை வாங்கினார், ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபரில் நீக்கினார்கள். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் சேர்த்து 10.4 மில்லியன் பவுண்டு.