பைக் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு தடிமனான தோல் வேண்டும்? சென்னையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியமேட்டுத் தோல் கடைகளில் பைக் ஜாக்கெட் கேட்பவருக்கு முதலில் கிடைக்கும் உத்தரவாதம் "நல்ல கனமான தோல் சார்" என்பதுதான். கனம் என்ற ஒரே சொல் எடையையும் தடிமனையும் சேர்த்தே குறித்துவிடுவதால், தூக்கிப் பார்க்கும்போது பாரமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் உள்ளே வைத்துத் தைத்த பஞ்சு, உலோக ஜிப், பக்கிள் எல்லாமே அந்தப் பாரத்தில் அடக்கம். கடையில் கேட்கவேண்டியது மில்லிமீட்டர் கணக்கு. அதனுடன் சேர்த்தே, அந்தத் தோல் எந்த விலங்கினுடையது, அதன் எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். அழகுக்காக அணியும் தோல் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவை மென்மையாக உடலில் படியும், ஆனால் சாலையில் உரசினால் தாங்காது. பைக் ஓட்டுவதற்கென்று தைக்கப்படும் மாட்டுத்தோல் ஜாக்கெட்டுகள் 1.1 முதல் 1.3 வரையிலும், பந்தய உடைகள் 1.2 முதல் 1.4 வரையிலும் அமைகின்றன. வெளிநாட்டு விவரச்சீட்டுகளில் அவுன்ஸ் கணக்கு இருந்தால், ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். அதாவது மூன்று அவுன்ஸ் தோல் 1.2 மில்லிமீட்டர். தோல் இயற்கையாக விளைந்த பொருள் என்பதால் நேர்மையான விற்பனையாளர் 1.1 முதல் 1.3 என்பதுபோல ஒரு வீச்சாகத்தான் சொல்வார். முதுகுப் பகுதித் தோல் இறுக்கமாகவும், வயிற்றுப் பகுதித் தோல் தளர்வாகவும் இருப்பதால், ஒரே மாட்டின் தோலிலும்கூட எல்லா இடமும் ஒரே தரமாக அமைவதில்லை.

இந்த எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாறுவதற்கு வாய்ப்பு உண்டு. வளர்ந்த மாட்டின் தோல் பதனிடுவதற்கு முன் நான்கு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. அதில் மயிர்க்கால்கள் இருக்கும் மெல்லிய மேலடுக்கு ஒன்று, அதற்குக் கீழே நார்கள் கயிறுபோலப் பின்னிக் கிடக்கும் உள்ளடுக்கு ஒன்று என இரண்டு பகுதிகள் உண்டு. கிழியாமல் தாங்கும் வலுவில் பெரும்பங்கு அந்த உள்ளடுக்கின் பின்னலிலிருந்து வருகிறது. தோல் பதனிடும் ஆலையில் ஸ்ப்ளிட்டிங் இயந்திரத்தில் இந்தத் தோலை அடுக்குவாக்கில் பிளந்து, ஷேவிங் இயந்திரத்தில் சீவி வேண்டிய தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள். மாட்டுத்தோலை 0.8 மில்லிமீட்டருக்குச் சீவிவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் வலுக் குறைந்த மேலடுக்குதான். மறுபுறம், பிளந்தெடுத்த கீழ்ப்பகுதியின்மேல் பூச்சுப் பூசி, போலியாக மயிர்க்கால் வரிகளை அச்சிட்டு, 1.4 மில்லிமீட்டர் என்று விற்றால், அளவி அந்த எண்ணைச் சரியாகத்தான் காட்டும். ஆனால் மேலடுக்கும் உள்ளடுக்கும் ஒன்றாக இணைந்த 1.2 மில்லிமீட்டர் ஃபுல் கிரெயின் தோலுக்கு அது ஈடாகாது. துண்டுத்தோலை அரைத்துப் பசையில் ஒட்டிச் செய்த பாண்டட் லெதரை எந்தத் தடிமனிலும் பைக் ஜாக்கெட்டுக்கு ஏற்கவே கூடாது.

வெள்ளாட்டுத்தோல் இயல்பிலேயே மெல்லியது என்பதால் அதை அவ்வளவாகச் சீவவேண்டியதில்லை. அதன் நார்ப்பின்னல் ஏறக்குறைய முழுமையாகவே ஜாக்கெட்டுக்கு வந்து சேர்கிறது. 0.9 முதல் 1.1 மில்லிமீட்டர் வெள்ளாட்டுத்தோல் உரசலை நன்றாகத் தாங்குவதோடு எளிதில் வளைந்தும் கொடுக்கும். சென்னையில் ஓட்டுபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கங்காரு தோலின் நார்கள் மேற்பரப்புக்கு இணையாகச் சீராகப் படுத்திருப்பதால், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனிலேயே அது பந்தய உடைக்குப் போதுமானதாகிறது, விலைதான் எட்டாது. எருமைத்தோல் நம் நாட்டில் தாராளமாகக் கிடைப்பது, கெட்டியானது, ஆனால் நார்ப்பின்னல் சற்றே தளர்வானது. ஆகையால் அதில் 1.2க்குக் குறைவாக வாங்கவேண்டாம். மாட்டுத்தோல் என்று பொதுவாகச் சொன்னால், பசுவா எருமையா என்று திருப்பிக் கேளுங்கள். செம்மறியாட்டுத்தோல் தொடுவதற்குப் பட்டுப்போல் இருக்கும். மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் இடையிலான பிடிப்பு அதில் குறைவு என்பதால், கீழே விழுந்து உரசும்போது பொத்தலாகிவிடும்.

தடிமன் எதிலிருந்து காக்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். தோல் தடுப்பது உரசலை, மோதலை அல்ல. தோளும் முழங்கையும் தரையில் அறையும் வேகத்தை உறிஞ்சுவது உள்ளே வைக்கும் ஆர்மர் என்ற காப்புப் பட்டைதான். தோலை 1.2இலிருந்து 1.4 ஆக்கினால் எலும்பு முறிவுக்கான வாய்ப்பில் சொல்லத்தக்க மாற்றம் ஏதும் வராது. உரசலைப் பொறுத்தவரை ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தார்ச்சாலையில் சறுக்கும் உடலின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு ஆறு மீட்டர் அளவுக்குக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் ஏறத்தாழ 16 மீட்டர் சறுக்கி இரண்டே கால் நொடியில் நிற்பார்; 80 கிலோமீட்டரில் விழுபவர் 41 மீட்டர் சறுக்க, அதற்கு மூன்றரை நொடிக்கு மேலாகும். அண்ணா சாலையில் ஓட்டுபவருக்கும் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கும் ஒரே ஜாக்கெட்டைப் பரிந்துரைக்க முடியாமல் போவது இதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்குச் சற்று முன்பாக, காற்று கொண்டுவந்து சேர்த்த மணலில் என் முன்சக்கரம் வழுக்கி, 40 கிலோமீட்டர் வேகத்தில் இடப்பக்கமாக விழுந்தேன். அணிந்திருந்தது 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோல். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோது, முழங்கையில் உள்ளங்கையளவு இடத்தில் கறுப்புப் பூச்சு முற்றிலும் போய், வெளிறிய நார்கள் வெல்வெட்டுத் துணிபோல எழுந்து நின்றனவே தவிர, ஓர் ஊசிமுனைப் பொத்தல்கூட இல்லை. ஆனால் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஓடிய ஒற்றைத் தையல் நான்கு விரல் நீளத்துக்குப் பிளந்து, அந்தப் பிளவின் வழியாகத்தான் என் தோல் சிராய்ந்திருந்தது. நூலை இழுத்துப் பார்த்தேன். வியர்வையில் ஊறி ஊறி மக்கிய பருத்தி நூல், விரலிடுக்கில் பொடிந்தது. அன்று முதல் எந்த ஜாக்கெட்டை எடுத்தாலும் தடிமனைப் பார்க்கும் முன் தையலைப் பார்க்கிறேன். தோள், முழங்கை, கையின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் இரட்டைத் தையலாவது இருக்கவேண்டும். நூல் நைலானோ பாலியஸ்டரோ ஆக இருக்கவேண்டும். முக்கியத் தையல்கள் முழங்கையின் முனையிலேயே ஓடாமல் விலகி அமைந்திருந்தால் இன்னும் நல்லது.

தோல், தையல் இரண்டையும் சேர்த்துச் சோதித்துச் சான்று தரும் ஐரோப்பியத் தரநிலை ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இஎன் 17092. ஜாக்கெட்டின் உள்ளே தைத்த சீட்டில் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். தோள், முழங்கை போன்ற முதல்நிலைப் பகுதிகளின் உரசல் தாங்கும் திறன் ஏஏஏ பிரிவில் 120 கிலோமீட்டர் வேகத்துக்கும், ஏஏ பிரிவில் 70 கிலோமீட்டருக்கும், ஏ பிரிவில் 45 கிலோமீட்டருக்கும் சோதிக்கப்படுகிறது. ஆர்மருக்கான தரநிலை தனி: கை கால் மூட்டுகளுக்கு இஎன் 1621-1, முதுகுக்கு இஎன் 1621-2. இந்தச் சீட்டு இருந்தால் மில்லிமீட்டர் விசாரணை பாதி குறைந்துவிடும். உள்ளூரில் அளவெடுத்துத் தைப்பவர்களிடம் பெரும்பாலும் இது இருக்காது என்பதால், கீழே சொல்லும் சோதனைகள் அவர்களிடம் போகும்போதுதான் அதிகம் தேவைப்படும்.

பள்ளி ஆய்வகத்தில் கண்ட திருகு அளவியை எடுத்துப் போனாலும் சரி, அழுத்தாமல் மெல்ல மூடி அளக்கவேண்டும். தோல் அமுங்கும் பொருள், இறுக்கினால் குறைத்தே காட்டும். அளவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி: ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். பன்னிரண்டு தாள்களை அடுக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள், அது 1.2 மில்லிமீட்டர். அந்தத் தாள்கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், தோலை ஒரு கையிலும் தாளை மறுகையிலும் பிடித்து ஒப்பிட்டால், 0.8க்கும் 1.2க்கும் உள்ள வேறுபாடு விரலுக்கே புரிந்துவிடும். எங்கே பிடிக்கிறோம் என்பதில் கவனம் தேவை. ஜிப் ஓரமும் கீழ்விளிம்பும் மடித்துத் தைத்தவை. அங்கே இரண்டு அடுக்கு கைக்கு வரும். லைனிங்கைத் திறக்க வழியுள்ள ஜாக்கெட்டாக இருந்தால் உள்ளே கைவிட்டு ஒற்றை அடுக்கைப் பிடிக்கலாம். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் முழுத்தோலையே விரித்துக் காட்டச் சொல்லி, முதுகுப் பகுதியிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளக்கலாம். முதுகுப் பகுதியை ஜாக்கெட்டின் தோளுக்கும் கைக்கும் வெட்டுங்கள், ஓரத்துத் தளர்ந்த தோலை அங்கே சேர்க்கவேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை.

இனி வெயில். சதுர அடிக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தோல் சுமார் 80 கிராம் எடை வரும். ஒரு ஜாக்கெட்டில் நிகரமாக 25 சதுர அடி தோல் இருப்பதாகக் கொண்டால், 0.8 மில்லிமீட்டரில் 1.6 கிலோ, 1.2இல் 2.4 கிலோ, 1.4இல் 2.8 கிலோ. ஆர்மரும் லைனிங்கும் இதற்கு மேல். மே மாதத்தில் சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது 1.2க்கும் 1.4க்கும் உள்ள இந்த 400 கிராம் வேறுபாடு தோளில் தெரியும். அதைவிடத் தெரிவது காற்று புகாமை. நம் ஊரில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆறுவது கடினம். வெயிலுக்குப் பயந்து அலமாரியில் மாட்டிவைக்கும் 1.4 மில்லிமீட்டர் ஜாக்கெட், வாங்காத ஜாக்கெட்டுக்குச் சமம்.

அதற்காக முழு ஜாக்கெட்டையும் மெலிதாக்குவது சரியான தீர்வு அல்ல. விழும்போது தரையைத் தொடும் இடங்கள் தோள், முழங்கை, முன்கையின் வெளிப்புறம், இடுப்பின் பக்கங்கள், அங்கே 1.2 தோலோ, அல்லது ஒரு மில்லிமீட்டர் வெள்ளாட்டுத்தோலை இரண்டு அடுக்காகத் தைத்ததோ இருக்கட்டும். மார்பு, மேல்முதுகின் நடுப்பகுதி, கையின் உட்புறம் ஆகியவற்றில் 0.9 அல்லது 1.0 மில்லிமீட்டர் துளையிட்ட தோல் போதும். துளை தோலின் வலுவைக் குறைக்கும் என்பதால் முழங்கையிலும் தோளிலும் துளையிட்ட தோலை ஏற்கவேண்டாம். லைனிங் வலைத்துணியாக இருப்பதும், முதுகில் காற்று வெளியேற ஒரு ஜிப் இருப்பதும், கறுப்புக்குப் பதில் வெளிர்நிறம் தேர்வதும் உண்மையாகவே உதவும். வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு அலுவலகம் போய் வருவது மட்டுமே உங்கள் ஓட்டம் என்றால், தோலையே விட்டுவிட்டு, ஏ அல்லது ஏஏ சான்றுள்ள, வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட் வாங்குவதே அறிவுடைமை. வார இறுதியில் மகாபலிபுரம், புதுச்சேரி என்று போய்வருபவருக்கு மேலே சொன்ன கலப்பு அமைப்பு பொருந்தும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்தில் பழகப் போகிறவர் மட்டும் 1.2க்குக் குறையாத முழுத்தோல் உடைக்குப் போகவேண்டும். அங்கே வெப்பம் இரண்டாம் கவலை.

போட்டுப் பார்ப்பதைக் கண்ணாடி முன்னால் செய்யாதீர்கள். உங்கள் பைக்கிலேயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள். தடித்த தோல் நீளாது என்பதால், நிற்கும்போது சரியாக இருந்த கை, குனிந்ததும் மணிக்கட்டிலிருந்து மேலேறிவிடும், இடுப்பும் திறந்துகொள்ளும். முழங்கை ஆர்மரை மறுகையால் பிடித்துத் திருகினால் அது நகரக்கூடாது. நகர்ந்தால் விழும்போதும் நகரும். தோல் பழகப் பழகச் சற்று இளகும் என்பது உண்மை, ஆனால் 1.3க்கு மேற்பட்ட மாட்டுத்தோல் இளகப் பல வாரங்கள் ஆகும், தோளில் இறுக்குவது இளகியும் தீராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தடித்த தோலுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும், ஏனெனில் உள்ளே ஏறிய ஈரம் மெல்லத்தான் வெளியேறும். நனைந்த ஜாக்கெட்டை வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். அகலமான ஹேங்கரில் மாட்டி மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைத்தால் நவம்பர் முடிவதற்குள் பூஞ்சை பூத்திருக்கும். பழைய பருத்தி வேட்டியால் போர்த்தி வைப்பது போதும். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் கழுத்துப் பட்டையையும் அக்குளையும் ஈரத்துணியால் துடைத்து வியர்வை உப்பை எடுத்துவிட்டு, அந்தச் சமயத்திலேயே தோள் தையலை இரு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் மறுநாளே தையற்காரரிடம் கொடுத்து, நைலான் நூலில் மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள்.