கோர்ஸுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க ஊரு என்ன கேக்குதுன்னு பாருங்க

எங்க சித்தி பையன் 40 ஆயிரம் கட்டி பைத்தான் கோர்ஸ் முடிச்சான், ஆனா வீட்டு நிலைமைக்கு திருப்பூரை விட்டு வெளிய போக முடியாது, ஆறு மாசம் தேடியும் ஒண்ணும் அமையல. கடைசியா ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில கூப்பிட்டாங்க. எக்ஸெல் ஷீட்டை தொறந்து வச்சு, 5000 பீஸ் ஆர்டர், பீஸுக்கு 160 கிராம், வேஸ்டேஜ் 8 பர்சென்ட், எத்தனை கிலோ துணி வேணும், சைஸ் வாரியா பிரிச்சு குடுன்னாங்க. 864 கிலோன்னு டக்குனு போட்டுட்டான். அடுத்து ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை, மாறினா என்னாகும்னு கேட்டாங்க, முழிச்சான், அவ்ளோதான்.

"கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை"ன்னு போர்டு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் தொங்குது, அர்த்தம்தான் ஊருக்கு ஊரு வேற. திருப்பூர்ல அது மெர்ச்சண்டைசருக்கான (ஆர்டரை கடைசி வரைக்கும் பாத்துக்கற ஆளு) எக்ஸெல், துணி வாங்கற பையருக்கு மெயில். சிவகாசில பிரிண்டிங் டிசைனுக்கு கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும், தமிழ் டைப்பிங்கும் வந்தா இன்னும் நல்லது. கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனிங்க ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பம்ப், மோட்டார், பவுண்டரின்னு பட்டறைங்க, அங்க கேக்கறது சிஎன்சி ப்ரோக்ராமிங்கும் (கம்ப்யூட்டர் வச்சு உலோகம் வெட்டற மெஷினுக்கு), பார்ட்ஸ் வரையற சாலிட்வொர்க்ஸும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்னா ஃபேக்டரி மெஷினை ஆட்டோமேட்டிக்கா ஓட்டற பிஎல்சி. ஜாவா, க்ளவுட், டெஸ்டிங்னா சென்னைல ஐடி கம்பெனிங்க இருக்கற ஓஎம்ஆர் ரோடு போங்க.

எந்த ஊர்ல வேலை பாக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஒரு நோட்டு எடுங்க. அந்த ஊரு விளம்பரம் மட்டும் முப்பது சேருங்க, ஒரு மாசத்துக்கு மேல பழசானது வேண்டாம். நௌக்ரி மாதிரி சைட்ல தமிழ்நாடுன்னு போட்டு தேடினா சென்னைதான் வந்து ரொம்பும், அதனால ஊர் பேரு போடுங்க. ஆனா சின்ன கம்பெனிக்காரங்க அங்கல்லாம் போட மாட்டாங்க, பேப்பர் வரி விளம்பரம், கேட்ல தொங்கற போர்டு, வாட்ஸ்அப் குரூப், எல்லாத்தையும் பாக்கணும். விளம்பரத்துல வர்ற சாஃப்ட்வேர் பேருக்கு எதிர்ல ஒரு கோடு போடுங்க, "கம்யூனிகேஷன் ஸ்கில்", "டீம் ப்ளேயர்" இதெல்லாம் விட்டுடுங்க. ட்ரெய்னிங்குக்கு ஆள் பிடிக்க வேலை விளம்பரம் மாதிரியே போடுவானுங்க, அதையும் அடிச்சுடுங்க. சித்தி பையன் அப்புறமா உக்காந்து எண்ணினப்ப எக்ஸெலுக்கும், கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேருக்கும்தான் கோடு குவிஞ்சுது, பைத்தானுக்கு ஒண்ணுகூட விழல.

டேலி மட்டும் எந்த ஊர்லயும் வரும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல இருந்து 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருந்தாலே இ-இன்வாய்ஸ் (கவர்மென்ட் போர்ட்டல்ல பதியற பில்) போட்டாகணும், அதனால பில் போட ஆளு இல்லாம ஒரு குடோன்கூட ஓடாது. சும்மா டேலி தெரியும்னா பத்தாது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணத் தெரியுமான்னு கேப்பாங்க.

அடுத்தது, அந்த முப்பதுல ரெண்டு மூணு இடத்துக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இன்டர்வியூல என்ன செஞ்சு காட்டச் சொல்வீங்க சார்?"னு. எச்ஆர் மழுப்புவாங்க. ஷிஃப்ட் விடற நேரமா கம்பெனி பக்கத்து டீக்கடைல நின்னு அங்க வேலை பாக்கற அண்ணன் யாரையாவது கேட்டா பத்து நிமிஷத்துல எல்லாம் தெரிஞ்சுடும்.

காலேஜ்ல இருக்கீங்கன்னா தமிழ்நாடு அரசு 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன் பயிற்சி திட்டத்துல உங்களுக்கு வேணுங்கறது ஃப்ரீயா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பர்ஸை தொறங்க. இன்ஸ்டிட்யூட்தான்னு ஆகிட்டா அந்த நோட்டோட போங்க. அதிக கோடு விழுந்ததை காட்டி, சிஎன்சின்னா மெஷின்லயே ஓட்ட விடுவீங்களா, இல்ல சிமுலேட்டர் மட்டும்தானா, பிஎல்சின்னா ஒரு கிட்டுக்கு எத்தனை பேருன்னு கேளுங்க. அதுக்கு பதில் சொல்லாம "நூறு பர்சென்ட் ப்ளேஸ்மெண்ட் சார்"னே சொல்லிட்டிருந்தா, குடுத்த டீயை குடிச்சுட்டு கெளம்பிடுங்க.