வகுப்பறையில் காற்று இருக்கிறதா? ஒரு மீட்டர், ஒரு ஊதுபத்தி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்

மத்தியானம் இரண்டு மணி வகுப்பு எனக்கு. மூன்றாவது மாடி, இரண்டு ஸ்பிளிட் ஏசி, இறுக மூடிய ஜன்னல்கள், 45 பிள்ளைகள். இரண்டரைக்குள் கடைசி மூன்று பெஞ்சும் சாய்ந்துவிடும். ரொம்ப நாளாகப் பழியைத் தயிர் சாதத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி வந்தது. அன்று நான் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் சந்தேகம் ஏசி மேல் திரும்பியது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டி சூட்டைத்தான் வெளியேற்றும், காற்றை அல்ல. இது தெரியாத வாத்தியார் நான் மட்டும் இல்லை என்பது ஸ்டாஃப் ரூமில் பேசிப் பார்த்தபோது புரிந்தது. அறை ஜில்லென்று இருந்தால் காற்று நன்றாக இருக்கிறது என்றே எல்லாரும் நினைக்கிறோம்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: மீட்டர் வாங்குவது (நான் விழுந்த குழி)

அளக்க வேண்டியது கார்பன் டை ஆக்ஸைடு. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000. ஆகவே அறைக்குள் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் இழுக்கும் பங்கு ஏறுகிறது என்று பொருள். 1,000 பிபிஎம் என்ற அளவுகோலை 1858இலேயே ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் சொல்லிவிட்டார். அது விஷ எல்லை இல்லை. 1,001 ஆனதும் யாரும் மயங்கி விழப்போவதில்லை. காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன். பெரிய வண்ணத் திரை, சிரிக்கும் முகம், அழும் முகம் எல்லாம் உண்டு. காலியான வகுப்பில் வைத்தேன்: 1,900. பிள்ளைகள் வந்தார்கள்: 1,100. ஆள் வந்தால் குறைகிறதே என்று ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பிறகுதான் பிடிபட்டது. காலையில் தரை துடைக்கும் பினாயில் வாசனைக்குத்தான் அது ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது ஆவி உணரும் மலிவு சென்சார். வாசனையை மோந்து, கார்பன் டை ஆக்ஸைடு இவ்வளவு இருக்கலாம் என்று குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வாங்கியதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கையில் சானிடைசர் தடவி, மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நீட்டுங்கள். எண் துள்ளிக் குதித்தால் அது போலி. உண்மையான மீட்டர் அசையாது, உங்கள் மூச்சுக்கு மட்டும் ஏறும்.

விவரத்தில் 'என்டிஐஆர்' அல்லது 'ஃபோட்டோ அகௌஸ்டிக்' என்று இருக்க வேண்டும். இரண்டும் அகச்சிவப்பு ஒளியை வைத்து கார்பன் டை ஆக்ஸைடையே நேரடியாக அளக்கும் முறைகள். கையில் சாலிடரிங் அயர்ன் பிடிப்பவர் என்றால் சென்னை ரிச்சி தெருவில் எம்எச்-இசட்19 சென்சார் கேட்டுப் பாருங்கள். என் தேர்வு எஸ்சிடி41 என்ற சென்சார். சின்னது, வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்தே சொல்லும். அதை ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் பலகையில் இணைப்பது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது.

படி 2: மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன். இந்த வகை மீட்டர்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவுதான் வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். நான் பகலில் வகுப்பில் வைத்தேன், இரவில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து ஏசி போட்ட படுக்கையறையில் வைத்தேன். பாவம், அது நல்ல காற்றையே பார்க்கவில்லை. பத்தாம் நாள், மூடிய அறையில் நாங்கள் மூன்று பேர் தூங்கி எழுந்த காலையில், 430 என்று காட்டியது.

வாரம் ஒருமுறை மொட்டை மாடியில், நிழலில், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் மூச்சே அதைக் கெடுத்துவிடும். 400க்கும் 450க்கும் நடுவில் நின்றால் சரி. இல்லையென்றால் அங்கேயே கையால் அளவு திருத்துங்கள்.

படி 3: ஒரு வகுப்பை முழுசாக அளப்பது

மீட்டரை உட்கார்ந்தவர் தலை உயரத்தில் வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், ஏசிக்குக் கீழே வேண்டாம், யார் முகத்துக்கும் நேரே வேண்டாம். எத்தனை பேர் என்று எண்ணி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

என் அறை 9 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம். அதாவது 162 கன மீட்டர். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறார். 45 பேருக்கு 810 லிட்டர். காற்றே புகாத அறை என்றால் நிமிடத்துக்கு 80 பிபிஎம்முக்கு மேல் ஏறும். வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் 1,000 தாண்டிவிடும்! நிஜத்தில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியே கொஞ்சம் கசியும். அப்படியும் வகுப்பு முடியும்போது என் மீட்டர் 2,800 காட்டியது. கணக்குப் போட்டால், சுமார் பதினேழு மூச்சில் ஒன்று ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது.

படி 4: அறை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது

பிள்ளைகள் எல்லாரும் போனதும் கதவை மூடிவிட்டு மீட்டரை உள்ளேயே விடுங்கள். 2,800இல் வெளிக்காற்றின் 420ஐக் கழித்தால் மிச்சம் 2,380. அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, சரியாகச் சொன்னால் 37 சதவீதமாக, இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை அறைக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு 40 நிமிடம் ஆனது. மறுநாள் எதிரெதிர் ஜன்னல்களையும் கதவையும் திறந்துவைத்துச் செய்தேன். ஐந்தே நிமிடம். எந்தச் செலவும் இல்லாமல் எட்டு மடங்கு.

படி 5: காற்றுக்கு நுழையவும் வழி, வெளியேறவும் வழி

ஜன்னலைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கிழக்கு ஜன்னல்களைத் திறந்தால் புரொஜெக்டர் திரை வெளுக்கிறது. மேற்கே பஸ் ஹாரன். ஏப்ரலில் திறந்தால் பிள்ளைகளே எழுந்து மூடுகிறார்கள். ஆகவே இரண்டு வழி வைத்துக்கொண்டோம்.

ஒன்று, வகுப்பு மாறும் பத்து நிமிடம் ஏசியை நிறுத்தி எல்லாவற்றையும் திறப்பது. மிஞ்சிய அளவு ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். கடற்காற்று வந்த நாட்களில் இன்னும் சீக்கிரம். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும். அந்த மாதங்களில் மேற்கு ஜன்னல்தான் உள்வழி.

இரண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன். கூரையை ஒட்டிய பழைய வென்டிலேட்டர் ஒன்றை, ஏசி மாட்டிய காலத்தில் தெர்மாக்கோல் வைத்து பிரவுன் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். பிரித்தபோது ஒரு கைப்பிடி புறா இறகு கொட்டியது. அந்த ஓட்டையில் 12 அங்குல ஃபேன் மாட்டினோம். பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். வலையும் ஷட்டரும் வைத்தபின் அது கிடைக்காது. பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்று மீட்டரில் பெரிய மாற்றம் இல்லை. 2,300. எலக்ட்ரீஷியன் அண்ணன்தான், "சார், ஒரு ஊதுபத்தி கொளுத்துங்க" என்றார். காலி அறையில் கொளுத்தினோம். ஃபேனுக்குக் கீழே திறந்திருந்த ஜன்னலருகே புகை வளைந்து நேரே ஃபேனுக்குள் ஓடியது. கடைசி பெஞ்சுக்குக் கொண்டுபோனோம். நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக நின்றது, ஒரு இம்மி அசையவில்லை. வந்த காற்று வந்த வழியே போய்க்கொண்டிருந்தது! அந்த ஜன்னலை மூடி, எதிர்ச் சுவரின் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்தோம். கடைசி பெஞ்சுப் புகை மெதுவாகச் சாய்ந்தது. மறுநாள் வகுப்பு முடிவில் 1,350.

ஆயிரத்துக்குள் வரவில்லைதான். எனக்கு இது போதும்.

வாங்க வேண்டாதவை

காற்று சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்ஸைடில் ஒரு பிபிஎம் கூடக் குறைக்காது. அயனைசர் பக்கம் போகாதீர்கள், சில வகைகள் ஓசோனை விடும். ரூம் ஃப்ரெஷ்னர் அடிப்பது குப்பைமேல் கோலம் போடுவது. வெளியே புகை அதிகமா என்று சந்தேகம் வந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பாருங்கள். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களின் அளவு கிடைக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலை மட்டும் ஜன்னலை மூடிவையுங்கள்.

பின்சேர்க்கை 1: ஜன்னலைத் திறந்ததும் ஏசியின் வாயில் தண்ணீர் சொட்டுகிறது, தரை வழுக்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 20 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள், இல்லையா? சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். பல நாட்களில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் அது வியர்க்கும். 26இல் வைத்து சீலிங் ஃபேனை ஓடவிடுங்கள். எங்கள் வகுப்பில் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் யாரும் கேட்கவில்லை.

பின்சேர்க்கை 2: ஆவடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, "ஏசியே இல்லாத எங்களுக்கு என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்டிருந்தார். காற்று விஷயத்தில் உங்கள் வகுப்பு என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும் மேடம். உங்கள் சிக்கல் சூடு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆட்களைக் கேட்டு ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். ஜன்னல் திறந்த கட்டடத்தில், வெளி வெப்பத்தின் சராசரி 30 டிகிரி என்றால் உள்ளே 31 வரை சுகமாகவே இருக்கிறது என்கிறது அது. மேல்மாடி வகுப்பு என்றால் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். அடுத்து, ஃபேன் எல்லாம் பெஞ்சுக்கு மேலேதான் சுற்றுகிறதா, நடைபாதைக்கு மேலா என்று பாருங்கள். மூடிக் கிடக்கும் வென்டிலேட்டர் இருந்தால் திறந்துவிடுங்கள். சூடான காற்று அங்கேதான் தேங்கும்.

பின்சேர்க்கை 3: எக்ஸாஸ்ட் போட்டதும் கழிவறை நாற்றம் வகுப்புக்குள் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் ஃபேன் நடைக்கூடத்திலிருந்து இழுக்கிறது. கதவை மூடி, வெளிப்பக்க ஜன்னலைத் திறங்கள். ஊதுபத்தியைக் கதவிடுக்கில் காட்டினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை 4: டியூஷன் சென்டர் நடத்தும் ஒரு தம்பி, "மீட்டர் 5,000லயே நின்னுடுச்சு, ரிப்பேரா அண்ணா?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை, அந்த மீட்டரால் அதற்கு மேல் எண்ண முடியாது. கடை மாதிரி இடம், ஒரே வாசல், ஏசி குளிர் போகாமல் இருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருக்கிறார், உள்ளே முப்பது பிள்ளைகள். அளந்தது போதும், முதலில் ஷட்டரைத் தூக்குங்கள் என்று பதில் போட்டேன்.