தேஞ்சுபோன கல்வெட்டு தெரியலையா, டார்ச்சை சைடுல பிடிங்க

துருக்கில கார்ஸ் ஊர் பக்கத்துல இருக்கற ஆனிங்கற இடிஞ்ச பழைய அர்மீனிய நகரம் மாதிரி இடத்துல பழைய சர்ச் பாக்கப் போனா, சுவத்துல இருக்கற எழுத்து, சிற்பம் மங்கலா தெரிஞ்சா போன் டார்ச்சை நேரா அடிக்காதீங்க, கல்லைத் தொடாம சுவரை ஒட்டினாப்ல சைடுல பிடிங்க. நேரா அடிக்கற வெளிச்சம் பள்ளம் மேடு எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டிடும், சைடுல வந்தா சின்ன பள்ளத்துலகூட நிழல் விழுந்து வெட்டின கோடு தனியா எழுந்து நிக்கும், ஆனில 1001ல கட்டி முடிச்ச கதீட்ரல் வெளிச்சுவத்து அர்மீனிய எழுத்தெல்லாம் இப்படிப் பாத்தாதான் அழகே.

நல்ல வெயில் அடிக்கற சுவத்துல டார்ச் சுத்தமா எடுபடாது. அந்தக் கால சர்ச்சுல பலிபீடம் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும், அதை வெச்சு திசை பிடிச்சுக்கிட்டு காலைல மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல கிழக்குச் சுவர்னு நிழல் இருக்கற பக்கமா பாத்துட்டு வாங்க.

சுவரோவியத்துக்கு இது வேண்டாம். ஆனில 1215ல திக்ரான் ஹொனென்ட்ஸ்ங்கற வியாபாரி கட்டின சர்ச் உள்ள இருக்கறது பெயின்டிங், அதுல பள்ளமே கிடையாது, ஃப்ளாஷும் போடாதீங்க ப்ளீஸ், சும்மா கொஞ்ச நேரம் நின்னா கண்ணு பழகிடும்.